பெரிய ரயருக்கு யார் அனுமதி தருவது? சிறு விமானச் சில்லுகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

அலாஸ்காவில் ஆற்றுப் படுகையின் கூழாங்கற்கள் மேல் சிறு விமானமொன்று வந்திறங்கும் காணொளியை யாழ்ப்பாணத்தில் பலரும் பார்த்திருப்பார்கள். மெல்லிய உடல், துணி போர்த்த சிறகு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்குப் பருத்த இரண்டு ரயர்கள். நூறு மீற்றர் கூட ஓடாமல் நின்றுவிடும். பார்த்தவுடன் பேச்சு நெடுந்தீவுக்குப் போய்விடுகிறது. கடல் கொந்தளிக்கும் நாளில் அங்கிருந்து ஒரு நோயாளியைக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எவ்வளவு பாடு என்பது தீவகத்தாருக்குத் தெரியும். "இந்த ரயரைப் பூட்டினால் நெடுந்தீவு வெளியிலும் இறக்கலாம், மணற்காட்டிலும் இறக்கலாம், ஏன் ஒருவரும் செய்வதில்லை?" என்று கேட்கிறார்கள்.

தேவையில் பிறந்த கேள்வி அது. அதனாலேயே சரியான பதில் வேண்டும். ஆனால் கூடவே வரும் பேச்சு பெரும்பாலும் தவறாக இருக்கிறது. "ரயர்தானே, வாங்கிப் பூட்டினால் போதும்" என்பார் ஒருவர். "ரயரிலேயே அங்கீகார முத்திரை இருக்கும், பிறகு எதற்கு இன்னொரு அனுமதி?" என்பார் இன்னொருவர். "அதிகாரிகள் வீணாக இழுத்தடிக்கிறார்கள்" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். மூவருக்கும் ஒரே இடத்தில்தான் பிசகுகிறது. விமானத் துறையில் ரயர் நல்லதா என்று பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. இந்த ரயர் இந்த விமானத்தில் இருக்கும்போது இரண்டும் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்று பார்ப்பதே அனுமதியின் வேலை.

பெரிய ரயர் எதற்காக?

முதலில் விமானத்தைப் பார்ப்போம். காட்டுப்புறப் பறப்புக்குப் பேர்போனது பைப்பர் நிறுவனத்தின் சூப்பர் கப். 1949 முதல் தயாரிக்கப்பட்ட இரு இருக்கை விமானம். முன்னால் இரண்டு பிரதான சில்லுகள், வாலடியில் ஒரு சின்னச் சில்லு. தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், வால் தரையில் ஊன்றியிருக்கும். இந்த அமைப்பு நமக்குப் புதியதல்ல. 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் தரித்து, மதராஸ் போன எயார் சிலோனின் முதல் பறப்பில் வந்த டகோட்டாவும் இப்படி வால் ஊன்றி நிற்கும் விமானம்தான்.

சூப்பர் கப்பின் 150 குதிரைவலு மாதிரிக்கு, அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 1750 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 794 கிலோ. அதில் 1600 இறாத்தல் முன் சில்லுகள் இரண்டிலும் விழுகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ரயருக்குள் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 25 இறாத்தல் என்றால், அந்த எடையைத் தாங்க ரயர்கள் தரையைத் தொடும் பரப்பு மொத்தம் 64 சதுர அங்குலம். அழுத்தத்தை 8 இறாத்தலுக்கு இறக்கினால் 200 சதுர அங்குலம். ஒரு ரயருக்கு 100, அதாவது பத்துக்குப் பத்து அங்குலச் சதுரம். எடை அதேதான். ஆனால் மண்ணின் ஒவ்வொரு அங்குலமும் தாங்க வேண்டிய சுமை மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. சில்லு புதையாது, கல்லில் இடித்துத் தடுக்காது.

சின்ன ரயரில் இந்த அளவுக்குக் காற்றை இறக்க முடியாது. அது நசுங்கி வளையத்தில் முட்டும். அதனால்தான் 26, 29, 31, 35 அங்குல விட்டங்களில் இந்த மென்மையான ரயர்கள் செய்யப்படுகின்றன. அலாஸ்காவின் பெரும்பகுதிக்கு வீதி இல்லை. உறைந்த சமவெளியும் ஆற்று மணல்மேடும்தான் இறங்குதளம். அங்கே இவை ஆடம்பரப் பொருளல்ல.

முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

காங்கேசன்துறை வீதியில் ஓடும் ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் பின்பக்கத்துக்கு ஒரு பெரிய, அகலமான ரயரைப் பூட்டுகிறார். ரயர் தரமானது, சைக்கிளும் தரமானது. ஆனால் பூட்டிய பிறகு ரயரின் விளிம்பு சங்கிலியில் உரசுகிறது. சில்லிலிருந்து வேகத்தை எடுக்கும் மானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டுகிறது. பிரேக் முன்னைப்போல் பிடிப்பதில்லை. எந்தப் பொருளிலும் குறை இல்லை. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை என்பதுதான் குறை.

விமானத்தில் இந்தச் சேர்த்துப் பார்க்கும் வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஒரு மாதிரி விமானம் விற்பனைக்கு வருமுன் அதன் வடிவமைப்பு முழுவதையும் அரசின் விமான அதிகார அமைப்பு சோதித்து ஏற்றுக்கொள்கிறது. அந்த ஏற்பே வகைச் சான்றிதழ். அமெரிக்காவில் இதைக் கொடுப்பது கூட்டாட்சி விமான நிர்வாகம். அதனோடு ஒரு தரவுத்தாளும் வெளியிடப்படும். எந்த எஞ்சின், எந்த விசிறி, எவ்வளவு எடை, எந்த அளவு ரயர் என்பதெல்லாம் அதில் இருக்கும். சூப்பர் கப்பின் வகைச் சான்றிதழ் இலக்கம் 1ஏ2. அந்தத் தாளை எவரும் எடுத்துப் படிக்கலாம்.

தனித்தனி விமானமொன்று அந்த வடிவமைப்போடு ஒத்துப்போகிறது, பறக்கத் தகுந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வது பறப்புத் தகுதிச் சான்றிதழ். இங்கேதான் கவனம் வேண்டும். வடிவமைப்போடு ஒத்துப்போவது என்பது அந்தச் சான்றிதழின் உயிர். தரவுத்தாளில் இல்லாத ரயரை அனுமதியில்லாமல் பூட்டிய நிமிடமே விமானம் தன் வடிவமைப்பிலிருந்து விலகிவிடுகிறது. காகிதம் விமானத்துக்குள் தொங்கிக்கொண்டிருக்கும், ஆனால் அதற்கு வலு இல்லை. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று இதுதான்.

அப்படியானால் ரயரில் இருக்கும் முத்திரை என்ன? விமான ரயர் ஒன்று குறைந்தபட்சம் எவ்வளவு சுமை, எவ்வளவு வேகம் தாங்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு தொழில்நுட்பத் தர ஆணை இருக்கிறது, இலக்கம் சி62. சில்லுக்கும் பிரேக்குக்கும் சி26. முத்திரை உள்ள பொருள் அந்தத் தரத்தில் தேறியது என்று அர்த்தம். எந்த விமானத்தில் பூட்டலாம் என்று அது ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வகைச் சான்றிதழ் வடிவமைப்புக்கு, பறப்புத் தகுதிச் சான்றிதழ் தனி விமானத்துக்கு, தர ஆணை முத்திரை தனிப் பொருளுக்கு. புதிய ரயர், பழைய விமானம் என்ற சேர்க்கையை இந்த மூன்றில் எதுவும் உள்ளடக்கவில்லை.

ரயர் பெருத்தால் விமானத்தில் என்ன மாறுகிறது?

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதைப் புரிந்துகொண்டவர் "வீண் இழுத்தடிப்பு" என்று பிறகு சொல்லமாட்டார்.

பிரேக்கில் தொடங்குவோம். பிரேக் பிடிக்கும்போது அது சில்லைச் சுழலவிடாமல் ஒரு முறுக்கத்தைக் கொடுக்கிறது. தரையில் விமானத்தை நிறுத்தும் விசை என்பது அந்த முறுக்கத்தை ரயரின் ஆரையால் வகுத்தால் வருவது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். 22 அங்குல ரயரின் ஆரை 11 அங்குலம், 31 அங்குல ரயரின் ஆரை 15.5. பதினொன்றை 15.5 ஆல் வகுத்தால் 0.71. பிரேக் அதேதான், விமானியின் காலும் அதேதான், ஆனால் நிறுத்தும் விசையில் ஏறத்தாழ 29 சதவீதம் போய்விட்டது. எடை ஏறினால் ரயர் சற்று நசுங்கி ஆரை குறையும் என்பதால் உண்மைக் கணக்கு கொஞ்சம் வேறுபடும், போக்கு மாறாது. விமானி இதை முதலில் உணர்வது இறங்கும்போது அல்ல. புறப்படுமுன் பிரேக்கை அழுத்திக்கொண்டு எஞ்சினை வேகப்படுத்திச் சோதிக்கும் நேரத்தில், நிற்க வேண்டிய விமானம் மெதுவாக முன்னே நகரும். அதனால் பெரிய ரயரோடு பலமான பிரேக்கையும் பலர் பூட்டுகிறார்கள். அந்தப் பிரேக்குக்குத் தனி அனுமதி வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. வால் சில்லு விமானத்தில் பிரேக்கைப் பலமாக அழுத்தினால் வால் கிளம்பி மூக்குக் குத்தும். பெரிய ரயர் விமானத்தையே உயர்த்திவிட்ட நிலையில் பலமான பிரேக்கையும் சேர்ப்பவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்தது கால்கள். சூப்பர் கப்பின் தரைக்கால் உருக்குக் குழாய்களால் ஆனது. அதிர்ச்சியை வாங்குவது உடலுக்கு அடியில் சுற்றியிருக்கும் தடித்த ரப்பர் நாண். பக்கக் காற்றில் இறங்கும்போது தரை ரயரைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளல் அச்சுக்கு எவ்வளவு கீழே விழுகிறதோ அவ்வளவுக்கு அச்சை வளைக்கும் வலு கூடும். ஆரை நாலரை அங்குலம் கூடினால் வளைக்கும் நெம்புகோலும் நாலரை அங்குலம் நீள்கிறது. அகலமான ரயர் சுமையைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகவும் தள்ளிவைக்கும்.

பிறகு, தரை தொடும் கணம். வானத்தில் சுழலாமல் இருந்த சில்லு, தரையைத் தொட்ட நொடியில் விமானத்தின் வேகத்துக்குச் சுழன்றாக வேண்டும். சுழற்றிவிடுவது தரையின் உராய்வு. பாரமான, பருமனான ரயரில் எடை மையத்திலிருந்து தூரத்தில் இருப்பதால் அதைச் சுழற்றக் கூடுதல் விசை வேண்டும். அந்த விசை காலைப் பின்பக்கமாக இழுக்கும். புல்லிலும் மணலிலும் இது மெதுவாக நடக்கும். பலாலி போன்ற தார் ஓடுபாதையில் திடீரென்று நடக்கும். மென்மையான ரப்பர் தாரில் வேகமாகத் தேய்வதும் இதனால்தான். கரடுமுரடான நிலத்துக்கென்று செய்த ரயர், நல்ல ஓடுபாதையில்தான் அதிகம் வருந்துகிறது.

காற்றழுத்தம் குறைந்த ரயர் துள்ளவும் செய்யும். நசுங்கி வாங்கிய சக்தியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும், அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. ரப்பர் நாணும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்தால், கொஞ்சம் வேகமாக வந்து தொட்ட விமானம் மறுபடி எழும்பிவிடும்.

எடைக் கணக்கு பலர் மறந்துபோவது. இரண்டு சில்லுகளுமாக 40 இறாத்தல் கூடுகிறது என்று வையுங்கள். உச்ச எடை 1750 என்பது அசையாது. அந்த 40 இறாத்தலைப் பயணியிடமிருந்தோ எரிபொருளிலிருந்தோதான் எடுக்க வேண்டும். விமானப் பெற்றோல் அமெரிக்க கலனுக்கு 6 இறாத்தல் என்று கணக்கிடுவார்கள். ஆறரைக் கலனுக்கும் மேல் போய்விட்டது. அதோடு, முன் சில்லுகள் விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்கு, அதாவது முழு எடையும் சமநிலை கொள்ளும் புள்ளிக்கு, முன்னால் இருப்பவை. அங்கே எடை கூடினால் மையமும் முன்னே நகரும். எவ்வளவு நகர்ந்தது, அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறதா என்று புதிதாகக் கணக்கிட்டு எழுதிவைக்க வேண்டும்.

வானத்திலும் மாற்றம் உண்டு. காற்றில் நிற்கும் இரண்டு பெரிய உருண்டைகள் வேகத்தைக் குறைக்கும். அவை உடலுக்குக் கீழே இருப்பதால் அவற்றின் இழுவை மூக்கைக் கீழே சாய்க்கப் பார்க்கும். ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் பக்கப் பரப்பு கூடுவதால், நேர்கோட்டில் நிலைத்துப் பறக்கும் குணமும் சற்றுக் குறையலாம். மறுபுறம், மூக்கு உயர்ந்து நிற்பதால் விசிறிக்கும் கல்லுக்கும் இடையே நல்ல இடைவெளி கிடைக்கிறது. மூன்று சில்லும் ஒருசேரத் தொடும்போது சிறகின் சாய்வு ஒன்றிரண்டு பாகை கூடுவதால் இன்னும் மெதுவாக வந்து இறங்கவும் வாய்ப்பு உண்டு. விமானிகள் இந்த ரயரை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுருக்கமாக: ஒரு ரயரை மாற்றியதில் பிரேக், கால், அச்சு, எடை, சமநிலை, வேகம், பறக்கும் குணம் எல்லாமே அசைந்துவிட்டன. சில மாற்றங்கள் நல்லவை. எது எவ்வளவு என்று ஒருவர் அளந்து பார்த்திருக்க வேண்டும்.

சிறு மாற்றமா, பெரும் மாற்றமா?

அமெரிக்க விதிகள் விமானத்தில் செய்யும் மாற்றங்களை இரண்டாகப் பிரிக்கின்றன. எடை, சமநிலை, கட்டமைப்பின் வலிமை, நம்பகத்தன்மை, இயங்கும் விதம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க விளைவு இல்லாதது சிறு மாற்றம். தகுதியுள்ள தொழில்நுட்பவியலாளர் செய்து பதிவேட்டில் எழுதினால் போதும். விளைவு இருந்தால் அது பெரும் மாற்றம். அதற்கு அரசு ஏற்றுக்கொண்ட தரவு வேண்டும்.

மேலே சொன்ன பட்டியலை இந்த வரையறையோடு வைத்துப் பார்த்தால் மிகப் பெரிய ரயர் எந்தப் பக்கம் விழும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தரவுத்தாளிலேயே மாற்று அளவாகக் குறிக்கப்பட்ட ரயரை, அங்கே சொன்ன நிபந்தனைகளோடு பூட்டினால் அது வடிவமைப்பிலிருந்து விலகுவதே இல்லை. ஆகவே முதல் வேலை, கடைக்குப் போகாமல் தரவுத்தாளைத் திறப்பது.

அனுமதிக்குப் போகும் வழிகள்

தரவுத்தாளில் இல்லை என்றால் பெரும்பாலோர் போகும் வழி துணை வகைச் சான்றிதழ். வகைச் சான்றிதழை வைத்திருக்கும் தயாரிப்பாளர் அல்லாத இன்னொருவர், அந்த வடிவமைப்பில் ஒரு பெரும் மாற்றத்தைச் செய்து, கணித்து, சோதித்து, பறந்து காட்டி, அரசிடம் பெறும் ஏற்பு இது. ரயர் தயாரிப்பாளர் இதை ஒருமுறை பெற்றுவிட்டால், அதில் பெயர் குறிப்பிட்ட மாதிரி விமானங்கள் அனைத்திலும் அந்த ரயரைப் பூட்டலாம். சோதனையின் செலவும் உழைப்பும் ஒருமுறைதான். விமான உரிமையாளர் அதன் பயனை வாங்குகிறார். ரயரின் விலையைப் பார்த்து அதிர்ச்சியடைபவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சின்ன விடயம், ஆனால் பலரைத் தடுக்கி விழுத்துவது: சான்றிதழின் நகல் இணையத்தில் கிடைத்தால் போதாது. அதை வைத்திருப்பவரின் எழுத்து மூலமான அனுமதி இந்த விமானத்துக்கு வேண்டும் என்பது அமெரிக்க விதி. பழைய ரயரை ஒருவரிடமிருந்து வாங்கும்போது ரயர் மட்டும் கைமாறி, இந்தக் கடிதம் கைமாறாமல் போவது உண்டு.

இரண்டாவது வழி கள அங்கீகாரம். ஒரே ஒரு விமானத்துக்கு மட்டும் செய்யும் மாற்றத்தை, அரசின் பரிசோதகர் ஒருவர் தரவுகளைப் பார்த்து நேரடியாக ஏற்பது. இதற்கான தாள் படிவம் 337. மாற்றத்தின் விபரத்தை எழுதி, வரைபடமும் கணக்கும் இணைத்துக் கொடுத்தால், பரிசோதகர் திருப்திப்பட்டால் தமக்குரிய கட்டத்தில் ஒப்பமிடுவார். வேலை முடிந்து விமானம் சேவைக்குத் திரும்பிய 48 மணித்தியாலத்துக்குள் ஒரு பிரதி ஒக்லஹோமா நகரிலுள்ள பதிவுக் கிளைக்குப் போக வேண்டும், இன்னொன்று உரிமையாளரிடம் இருக்கும். பக்கத்து விமானத்துக்குக் கிடைத்த படிவத்தைக் காட்டி "எனக்கும் தாருங்கள்" என்று கேட்கலாம். அது துணைச் சான்றாக உதவும். ஆனால் அந்த ஒப்பம் உங்கள் விமானத்துக்குத் தானாக வந்து ஒட்டாது.

மூன்றாவது, அனுமதியே தேவைப்படாததுபோல் தோன்றும் வகை. அலாஸ்காவின் வால்டெஸ் நகரில் மே மாதத்தில் நடந்துவரும் குறுந்தூரப் புறப்பாட்டுப் போட்டி போன்றவற்றின் காணொளிகளில் தெரியும் விமானங்களில் பல, உரிமையாளரே கட்டிய பரிசோதனை வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு வகைச் சான்றிதழே இல்லை என்பதால் துணை வகைச் சான்றிதழ் என்ற பேச்சும் இல்லை. மாற்றம் செய்தால் தமக்குரிய பறப்பு நிபந்தனைகளின்படி பதிந்து, சோதித்துப் பறக்க வேண்டும். இந்தச் சுதந்திரத்துக்கு விலையும் இருக்கிறது. கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்ற முடியாது. உள்ளே ஏறும் பயணிக்கு இது பரிசோதனை வகை விமானம் என்று சொல்லியாக வேண்டும், வாசலருகே எழுதியும் வைக்க வேண்டும். நோயாளியைக் கூலிக்கு ஏற்றும் சேவையை இந்த வகையில் நடத்த முடியாது. காணொளியைப் பார்த்து "அங்கே செய்கிறார்களே" என்பவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

பூட்டிய பிறகு செய்யவேண்டியவை

சான்றிதழ் வந்துவிட்டது, ரயரும் வந்துவிட்டது. இனிப் பூட்டுபவர் தன் பங்கைச் செய்ய வேண்டும். அந்த விமானத்தில் ஏற்கனவே வேறு மாற்றங்கள் இருக்கலாம்: பலமான எஞ்சின், நீண்ட தரைக்கால், சிறகின் விளிம்பில் மாற்றம். ஒவ்வொன்றும் தனித்தனியே அனுமதி பெற்றதாக இருக்கலாம், ஆனால் அவற்றைச் சோதித்தவர்கள் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். புதிய மாற்றம் பழையவற்றோடு சேர்ந்து தீங்கு செய்யாது என்று உறுதிப்படுத்துவது பூட்டுபவரின் பொறுப்பு என்று சான்றிதழ்களிலேயே எழுதியிருக்கும். முழு விடயத்திலும் எனக்கு முக்கியமாகப் படும் வரி அதுதான். சேர்க்கையைப் பார்க்கும் கடமை கடைசித் திருகாணி வரை தொடர்கிறது.

பிறகு எடையும் சமநிலையும் புதிதாகக் கணக்கிடப்பட வேண்டும். உபகரணப் பட்டியல் திருத்தப்பட வேண்டும். தேவைப்பட்டால் விமானியின் கையேட்டில் துணைப் பக்கமொன்று சேர வேண்டும். ரயரோடு வரும் பராமரிப்பு அறிவுறுத்தல் விமானத்தின் நிரந்தர ஆவணமாகிவிடுகிறது. காற்றழுத்தம் எவ்வளவு, கால்களின் ஒட்டுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று எத்தனை மணித்தியாலப் பறப்புக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இலங்கையில் என்றால்?

விமானம் எந்த நாட்டில் பதியப்பட்டிருக்கிறதோ, அந்த நாடுதான் அதன் பறப்புத் தகுதிக்குப் பொறுப்பு. இது 1944 இல் கைச்சாத்தான, சர்வதேச விமானப் போக்குவரத்து பற்றிய சிக்காகோ உடன்படிக்கையிலிருந்து வருகிறது. பறப்புத் தகுதி பற்றிய விதிகள் அதன் எட்டாவது இணைப்பில் உள்ளன. இலங்கை 1948 இல் அந்த உடன்படிக்கையில் இணைந்தது. இங்கே பதிவாகும் விமானங்களின் அடையாளம் 4ஆர் என்று தொடங்கும். அவற்றைக் கண்காணிப்பது 2002 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சிவில் விமான சேவைகள் அதிகாரசபை.

ஆகவே அமெரிக்காவில் பெற்ற துணை வகைச் சான்றிதழ் 4ஆர் விமானத்துக்குத் தானாகச் செல்லுபடியாகாது. அது பலமான ஆதாரம்: வடிவமைத்த நாட்டின் அதிகார அமைப்பே இதைச் சோதித்து ஏற்றிருக்கிறது. அந்த ஆதாரத்தைக் காட்டி இங்குள்ள அதிகாரசபையின் ஏற்பைப் பெற வேண்டும். அதற்கு முன் ரயரைப் பூட்டிப் பறக்க முடியாது.

நெடுந்தீவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரயருக்கான அனுமதி விமானத்தைப் பற்றியது. எங்கே இறங்கலாம் என்பது வேறு அனுமதி, யாரை ஏற்றிக் கட்டணம் வாங்கலாம் என்பது இன்னொரு அனுமதி. நிலத்தின் உரிமை, மேயும் குதிரைகளும் மாடுகளும், தீயணைப்பு, பாதுகாப்பு என்று அந்தப் பட்டியல் வேறு திசையில் போகும். தீவுக்கு வான்வழி மருத்துவ உதவி வேண்டும் என்று கேட்பது முற்றிலும் நியாயம். அந்தக் கோரிக்கையை ரயரிலிருந்து தொடங்காமல் இறங்குதளத்திலிருந்து தொடங்கினால் வலுவாக இருக்கும் என்பது என் எண்ணம். ஒழுங்கான ஒரு சிறு ஓடுபாதை இருந்தால் 31 அங்குல ரயருக்குத் தேவையே இருக்காது.

ஏற்கனவே பூட்டிய விமானத்தை வாங்குபவருக்கு

வெளிநாடுகளில் இருக்கும் நம்மவர்களில் சிறு விமானம் ஓட்டப் பழகுபவர்களும் வாங்குபவர்களும் இருக்கிறார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். விற்பனைக்கு வரும் காட்டுப்புற விமானங்களில் பெரிய ரயர் ஏற்கனவே பூட்டியிருக்கும். அழகாகவும் இருக்கும். அதைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் பதிவேட்டைக் கேளுங்கள். ரயர் எப்போது பூட்டப்பட்டது என்ற பதிவு, எந்தச் சான்றிதழ் அல்லது படிவத்தின் கீழ் என்ற இலக்கம், சான்றிதழ் உரியவரின் அனுமதிக் கடிதம், பூட்டிய நாளுக்குப் பிந்திய திகதியிட்ட எடைக் கணக்கு ஆகியவை வேண்டும். சான்றிதழில் உள்ள மாதிரிப் பெயர் விமானத்தின் தகட்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரே குடும்பத்து விமானமாக இருந்தாலும் 95 குதிரைவலு மாதிரியும் 150 குதிரைவலு மாதிரியும் ஒன்றல்ல. பிரேக் மாற்றப்பட்டிருந்தால் அதற்கும் தனிப் பதிவு வேண்டும்.

இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விலை பேசுவதை நிறுத்திவிட்டு, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத, விமானங்களைப் பரிசோதிக்கத் தகுதியுள்ள ஒரு தொழில்நுட்பவியலாளரிடம் பதிவேட்டைக் கொடுங்கள். பழைய சில்லுகளும் ரயர்களும் விற்பவரிடம் இன்னும் இருக்கின்றனவா என்றும் கேட்டு வையுங்கள். அனுமதி கிடைக்காமல் போனால் விமானத்தைச் சட்டப்படி வீட்டுக்குக் கொண்டுவர அவைதான் வேண்டியிருக்கும்.